தலைக்கணக்கு சொல்லும் சேதி

(தொடர்கல்வி மையத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மக்கள்தொகைக் கணக்கு எடுக்கும் காலத்தில் வீட்டு வாசலுக்கு ஒருவர் வருவார். பெரும்பாலும் அவர் பள்ளிக்கூட ஆசிரியராக இருப்பார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார். பெயர் கேட்பார். வயது கேட்பார்.

"பாட்டி, உங்களுக்கு வயசு என்ன?"

"அதையெல்லாம் யாருப்பா எழுதி வச்சா? ஒரு அறுபது போட்டுக்கோ."

"கல்யாணம் எப்ப ஆச்சு பாட்டி?"

"பெரிய வெள்ளம் வந்துச்சே, அதுக்கு மறு வருசம்."

"வெள்ளம் வந்த வருசம்" என்ற பேச்சைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அது நல்ல பதில். வெள்ளம், புயல், பஞ்சம் வந்த ஆண்டுகளை வைத்துத்தான் கணக்கெடுப்பவர் வயதைக் கண்டுபிடிப்பார்.

"ஒரு அறுபது போட்டுக்கோ" என்பதிலும் ஒரு சேதி இருக்கிறது. பழைய கணக்குப் புத்தகங்களைப் புரட்டினால் 30 வயதுக்காரர்கள் ஏராளமாக இருப்பார்கள். 29 வயதுக்காரர்கள் கொஞ்சம்தான். 31 வயதுக்காரர்களும் கொஞ்சம்தான். 40, 50, 60 என்ற வயதுகளில் மறுபடியும் கூட்டம். இயற்கையில் பிள்ளைகள் அப்படிப் பிறப்பதில்லை. வயது தெரியாதவர்கள் முழு எண்ணாகச் சொன்னார்கள். அதனால் வந்த கூட்டம் அது. எழுத்தறிவு பரவப் பரவ இந்தக் கூட்டம் கலைகிறது. ஆகவே பழங்காலத்தில் எத்தனை பேருக்கு எண்ணத் தெரிந்திருந்தது என்பதை அளக்க, ஆராய்ச்சியாளர்கள் இந்த வயதுக் கூட்டத்தையே பயன்படுத்துகிறார்கள்.

முன்பு எத்தனை பேர் இருந்தார்கள்? ஏன் குறைந்தார்கள்? ஏன் கூடினார்கள்? இப்படிக் கேட்டு ஆராய்வதற்கு மக்கள்தொகை வரலாறு என்று பெயர். அந்த வரலாற்றில் நம் எல்லோருடைய பாட்டன் பூட்டன் கதையும் இருக்கிறது.

ஆள்கணக்கு இல்லாத காலம்

ஆளைக் கணக்கெடுப்பது பழைய பழக்கம். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கோபன் என்ற ஓர் அதிகாரியைப் பற்றிச் சொல்கிறது. வீடுகளை எண்ணுவது, ஆண் பெண்களைப் பதிவது, அவர்கள் செய்யும் தொழிலை எழுதுவது அவர் வேலை. எதற்காக? வரி வாங்கவும் காவல் வைக்கவும்தான். ஆனால் அப்படி எழுதிய ஏடுகள் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை.

அக்பர் காலத்தில் அபுல் பசல் என்பவர் அயினி அக்பரி என்ற நூலை எழுதினார். அதில் நிலக்கணக்கு இருக்கிறது. வரிக்கணக்கு இருக்கிறது. நாட்டில் எத்தனை பேர் என்ற ஆள்கணக்கு இல்லை. அப்படியானால் 1600-ஆம் ஆண்டு வாக்கில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மோர்லண்டு என்ற ஆங்கிலேயர் 1920-ல் ஒரு வழி சொன்னார். வடக்கே எவ்வளவு நிலம் உழுதார்கள் என்று தெரிகிறது. அவ்வளவு நிலத்தை உழ எத்தனை குடும்பம் வேண்டும் என்று கணக்குப் போட்டார். தெற்கே விஜயநகர நாட்டுப் படைகளின் அளவைப் பயணிகள் எழுதி வைத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய படைக்கு எத்தனை மக்கள் இருந்திருக்க வேண்டும் என்று பார்த்தார். மொத்தம் சுமார் 10 கோடி என்றார். பின்னர் கிங்ஸ்லி டேவிஸ் என்ற அமெரிக்க அறிஞர் 12 கோடியே 50 லட்சம் என்றார். அதன் பிறகு ஷிரீன் மூஸ்வி என்ற வரலாற்று அறிஞர் அயினி அக்பரியை நுணுக்கமாக ஆராய்ந்து, 14 கோடிக்கும் மேல் என்றார்.

இவை எல்லாம் மதிப்பீடுகள்தான். சாம்பலைப் பார்த்து அடுப்பு எவ்வளவு நேரம் எரிந்தது என்று சொல்வது போன்ற வேலை இது. புதிய சான்று கிடைத்தால் விடை மாறும்.

வாசலுக்கு வந்த கணக்கு

நாடு தழுவிய முதல் கணக்கு 1872-ல் முடிந்தது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அதை எடுக்கவில்லை. 1881 பிப்ரவரி 17 அன்றுதான் பெரும்பாலான பகுதிகளில் ஒரே நாளை வைத்துக் கணக்கு எடுத்தார்கள். வரி போடத்தான் ஆளை எண்ணுகிறார்கள் என்று அப்போது பலர் பயந்தார்கள்.

அதன் பின் 2011 வரை பத்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு தவறவில்லை. உலகப் போர் நடந்தபோதும் எடுத்தார்கள். 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்த கணக்கிற்கு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாக அரசு 2025-ல் அறிவித்தது.

தாது வருஷம்

1872 கணக்கு முடிந்து நான்கு ஆண்டில் பெரும் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்தது. தமிழ் மக்கள் அதைத் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணம் என்று தென்னாடும் மேற்கும் வாடின. நாடு முழுதும் 50 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 80 லட்சம் வரை இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு.

பஞ்சத்துக்கு முன் சென்னை மாகாணத்தில் சுமார் 3 கோடியே 12 லட்சம் பேர் இருந்தார்கள். 1881-ல் எண்ணியபோது சுமார் 3 கோடியே 8 லட்சம் பேர்தான் இருந்தார்கள். பத்து ஆண்டில் எத்தனையோ பிள்ளைகள் பிறந்திருப்பார்கள். அப்படியும் தொகை குறைந்திருக்கிறது.

மழை பொய்த்தது உண்மை. ஆனால் அப்போது ரயில் ஓடியது. கப்பலும் இருந்தது. வேறு மாகாணங்களில் தானியம் விளைந்தது. நாட்டிலிருந்து வெளிநாட்டுக்குத் தானியம் போவதும் நிற்கவில்லை. பிறகு ஏன் இத்தனை சாவு?

இங்கே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். மால்தஸ். இவர் இங்கிலாந்துப் பாதிரியார். 1798-ல் மக்கள்தொகை பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் சொன்ன கணக்கு இதுதான்.

மக்கள் பெருகுவது: 1, 2, 4, 8, 16.
உணவு பெருகுவது: 1, 2, 3, 4, 5.

மக்கள் இரட்டித்து இரட்டித்துப் பெருகுகிறார்கள். உணவோ ஒவ்வொன்றாகத்தான் கூடுகிறது. கட்டுப்படுத்தாவிட்டால் பசியும் நோயும் வந்து மக்களைக் குறைக்கும் என்றார். இங்கிலாந்தில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு கல்லூரி நடத்தியது. இந்தியாவை ஆள வந்த அதிகாரிகள் அங்கேதான் படித்தார்கள். 1805 முதல் 1834-ல் இறக்கும் வரை அந்தக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் மால்தஸ்.

பஞ்சம் வந்தபோது மால்தஸ் உயிரோடு இல்லை. ஆனால் அவர் எண்ணம் பல அதிகாரிகளின் மனதில் இருந்தது. ஆட்கள் அதிகம், உணவு குறைவு, இதில் அரசு அதிகம் செலவிடக் கூடாது என்று நினைத்தார்கள். 1877-ல் டெம்பிள் என்ற அதிகாரி சென்னைக்கு வந்தார். நிவாரண வேலை செய்பவரின் கூலியைக் குறைத்தார். ஓர் ஆளுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓர் அணா. ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதற்காக மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர் இதை எதிர்த்தார். வேலை செய்யும் உடம்புக்கு இது போதாது என்று எழுதினார். அதன் பிறகுதான் கூலி சற்று உயர்ந்தது. அந்தப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்கள் வெட்டியதுதான் சென்னை நகருக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி.

பஞ்சம் முடிந்த பிறகு 1880-ல் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. பஞ்சம் வந்தால் விளைச்சல் மட்டும் போவதில்லை, கூலிக்காரருக்கு வேலையும் போகிறது, வாங்கக் காசு இல்லாமல் போகிறது என்று அது சொன்னது. அதன் பின்தான் பஞ்ச நிவாரண விதிகள் வந்தன.

1921: நாடு சுருங்கிய கதை

இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் 25 கோடியே 21 லட்சம் பேர் இருந்தார்கள். 1921-ல் 25 கோடியே 13 லட்சம் பேர் இருந்தார்கள். பத்து ஆண்டில் தொகை கூடவில்லை. 8 லட்சம் குறைந்துவிட்டது.

முக்கியக் காரணம் ஒரு காய்ச்சல். 1918 ஜூனில் அது பம்பாய்த் துறைமுகம் வழியாக வந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. செப்டம்பரில் இரண்டாம் அலை நாடெங்கும் பரவியது. அந்த ஆண்டு மழையும் இல்லை. விலைவாசி ஏறியிருந்தது. வெறும் வயிற்றில் இருந்தவர்களை நோய் எளிதாகக் கொண்டுபோனது. 20 வயது முதல் 40 வயது வரை உள்ள உழைக்கும் மக்கள் அதிகம் இறந்தார்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். நோயாளிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களும் பெண்கள்தான். குறைவாகச் சாப்பிட்டவர்களும் பெண்கள்தான்.

எத்தனை பேர் இறந்தார்கள்? 1 கோடியே 20 லட்சத்திலிருந்து 2 கோடி வரை பல மதிப்பீடுகள் இருக்கின்றன. ஏன் இவ்வளவு வேறுபாடு? பல மாகாணங்களில் சாவைச் சொல்ல வேண்டியவர் ஊர்க் காவல்காரர். அவரும் நோயில் விழுந்தால் யார் சொல்வார்? பதிவேட்டில் வராத சாவுகள் லட்சக்கணக்கில்.

பதிவேட்டில் இல்லாத சாவை ஆராய்ச்சியாளர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எளிய வழி ஒன்று உண்டு. 1911-ல் 10 வயதாக இருந்த பிள்ளைகள் 1921-ல் 20 வயது ஆகியிருக்க வேண்டும். 1911 புத்தகத்தில் 10 வயதுப் பிள்ளைகளை எண்ணுகிறார்கள். 1921 புத்தகத்தில் 20 வயதுக்காரரை எண்ணுகிறார்கள். வழக்கமாக எத்தனை பேர் குறைவார்கள் என்று தெரியும். அதற்கு மேல் குறைந்தவர்கள்தான் காய்ச்சலுக்கும் பஞ்சத்துக்கும் போனவர்கள். காலையில் மேய்ச்சலுக்குப் போன ஆடுகளையும் மாலையில் திரும்பிய ஆடுகளையும் எண்ணிப் பார்ப்பது போலத்தான் இது.

வங்கத்தின் பாடம்

1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தது. அரசு அமைத்த குழு 1945-ல் 15 லட்சம் பேர் இறந்ததாகச் சொன்னது. பின்னர் ஆராய்ந்தவர்கள் 20 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்கிறார்கள்.

ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததால் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று கரையோர மக்களின் படகுகளை அரசே பறித்தது. 1942 அக்டோபரில் புயல் அடித்தது. போர்ச் செலவால் விலை ஏறியது. நகரத்துக்கு அரிசி போனது. கிராமத்துக் கூலிக்காரரும் மீனவரும் படகோட்டியும் செத்தார்கள்.

அமர்த்தியா சென் என்ற வங்காளப் பொருளியல் அறிஞர் 1981-ல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விளைச்சல் அவ்வளவாகக் குறையவில்லை, அரிசி விலை ஏறிய அளவுக்குக் கூலி ஏறவில்லை, அதனால் வாங்க முடியாதவர்கள் இறந்தார்கள் என்று காட்டினார். கடையில் அரிசி இருந்தும் கையில் காசு இல்லாவிட்டால் பட்டினிதான். இது கூலி வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அதை அவர் கணக்குப் போட்டு உலகத்துக்குச் சொன்னார்.

பிள்ளைப்பேறு கூடியதா, சாவு குறைந்ததா?

1951-ல் இந்தியாவில் 36 கோடிப் பேர். 2011-ல் 121 கோடிப் பேர். 2023-ல் சீனாவைத் தாண்டிவிட்டது, 142 கோடிக்கு மேல் என்று ஐ.நா. மதிப்பிட்டது. ஏழைகள் பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளியதால் வந்த வினை என்று சிலர் சொல்வார்கள். கணக்கு வேறு கதை சொல்கிறது.

அந்தக் காலத்திலும் ஒரு தாய் ஆறு பிள்ளை பெற்றாள். அதற்கு முந்தைய காலத்திலும் நிறையப் பெற்றாள். ஆனால் பாதிப் பிள்ளைகள் தங்கவில்லை. 1911-க்கும் 1921-க்கும் இடையில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 20 ஆண்டு. 1951 வாக்கில் சுமார் 32 ஆண்டு. இப்போது சுமார் 70 ஆண்டு.

சராசரி 20 என்றால் எல்லோரும் 20 வயதில் இறந்தார்கள் என்று அர்த்தம் இல்லை. ஒரு தாய்க்கு நான்கு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். இருவர் பிறந்த உடனே இறந்துவிட்டார்கள். இருவர் 60 வயது வரை வாழ்ந்தார்கள். மொத்தம் 120 ஆண்டு. அதை நான்கால் வகுத்தால் சராசரி 30. ஆயுள் சராசரியைக் கீழே இழுத்தது சின்னக் குழந்தைகளின் சாவுதான்.

சுதந்திரத்துக்குப் பின் அந்தச் சாவு குறைந்தது. மலேரியாக் கொசுவுக்கு மருந்து அடித்தார்கள். பெரியம்மைக்கு ஊசி போட்டார்கள். இந்தியாவில் அந்த நோய் 1975-ல் ஒழிந்தது. தடுப்பூசி, நல்ல தண்ணீர், ரேஷன் அரிசி, பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி, இவை பிள்ளைகளைக் காத்தன. பிறப்பு கூடியதால் தொகை பெருகவில்லை. பிறந்தவர்கள் பிழைத்ததால் பெருகியது.

மால்தஸ் பயந்தபடி உணவு பின்தங்கியதா? 1950-51-ல் இந்தியாவில் விளைந்த தானியம் சுமார் 5 கோடி டன். 2010-11-ல் சுமார் 24 கோடி டன். மக்கள் மூன்று மடங்குக்குச் சற்று மேல் பெருகினார்கள். தானியம் ஏறக்குறைய ஐந்து மடங்கு பெருகியது. அப்படியும் பசியோடு படுப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், குறை வேறு இடத்தில் இருக்கிறது.

குடும்பம் எப்படிச் சிறியதாயிற்று?

1952-ல் இந்திய அரசு குடும்ப நலத் திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுதுக்குமாக இப்படி ஒரு திட்டம் தொடங்கிய முதல் நாடு இந்தியாதான். 1974-ல் உலக மக்கள்தொகை மாநாட்டில் இந்தியாவின் சார்பில் பேசிய கரண் சிங், முன்னேற்றமே சிறந்த குடும்பக் கட்டுப்பாடு என்ற கருத்தைச் சொன்னார். ஆனால் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77-ல், ஒரே ஆண்டில் 80 லட்சம் பேருக்கு மேல் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். பலரைக் கட்டாயப்படுத்தினார்கள். மக்கள் கொதித்தார்கள். 1977 தேர்தலில் அந்த ஆட்சி தோற்றது.

கட்டாயம் செய்ய முடியாததைப் படிப்பு செய்தது. கேரளம் இதற்கு உதாரணம். அங்கே பெண்கள் படித்தார்கள். கிராமத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. யாரும் அடித்துச் சொல்லாமலே குடும்பம் சிறியதாயிற்று. 1991-ல் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் பிறப்பு வேகமாகக் குறைந்தது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அப்போது இந்தியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2 பிள்ளைகள்தான்.

கணக்கில் காணாத பெண்கள்

1951-52-ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. வாக்காளர் பட்டியல் எழுத வீடு வீடாகப் போனார்கள். வடக்கே பல பெண்கள் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றுதான் எழுதவிட்டார்கள். பெயர் இல்லாமல் வாக்கு இல்லை என்றார் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம் பெறவில்லை.

அந்தப் பெண்கள் உயிரோடு இருந்தார்கள். பெயர்தான் இல்லை. இன்னொரு கணக்கில் ஆளே இல்லை. 1901-ல் இந்தியாவில் 1000 ஆண்களுக்கு 972 பெண்கள். 1991-ல் 927. பிறகு சற்றுக் கூடி 2011-ல் 943 ஆனது. ஆனால் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மட்டும் பார்த்தால் மனம் பதறுகிறது. 1991-ல் 1000 ஆண் பிள்ளைகளுக்கு 945 பெண் பிள்ளைகள். 2001-ல் 927. 2011-ல் 919. உலகில் 10 கோடிக்கும் மேற்பட்ட பெண்களைக் காணவில்லை என்று 1990-ல் அமர்த்தியா சென் எழுதினார். வயிற்றில் இருப்பது பெண் என்று பார்த்துக் கலைப்பதும், பெண் பிள்ளைக்குச் சோறும் மருந்தும் குறைத்துக் கொடுப்பதும் அதற்குக் காரணம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஒரு வீட்டில் நடப்பது அந்த வீட்டோடு முடிந்தது என்று நினைக்கிறோம். ஊர் ஊராக எண்ணிக் கூட்டும்போதுதான் அது நாட்டின் குற்றமாகத் தெரிகிறது. கணக்கு எடுக்காமல் இருந்திருந்தால் இது வெளியே வந்திருக்காது.

நாம் செய்ய வேண்டியது

சகோதரிகளே, சகோதரர்களே, பிள்ளை பிறந்தால் 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழே முக்கியமான சான்று. பள்ளியில் சேர்க்கவும் அரசு வேலைக்கும் அதைத்தான் கேட்பார்கள். வீட்டில் சாவு நேர்ந்தாலும் பதியுங்கள். எந்த நோயில் யார் இறந்தார் என்று தெரிந்தால்தான் அடுத்தவரைக் காப்பாற்ற முடியும்.

அடுத்த முறை கணக்கெடுப்பவர் வரும்போது வீட்டுப் பெண்கள் தம் பெயரைத் தாமே சொல்லட்டும். கைக்குழந்தையையும் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரையும் விடாமல் சொல்லுங்கள். வேலைக்குப் போகும் பெண்ணை "சும்மா இருக்கிறாள்" என்று எழுத விடாதீர்கள். எழுதியதை ஒருமுறை படித்துப் பாருங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும்.

தாது வருஷத்தில் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பற்றிக் கேட்டால், பெயரும் இருக்கட்டும், வயதும் சரியாக இருக்கட்டும்.



கூடிப் பேசுவோம்

1. உங்கள் ஊரில் வயதானவர்கள் எந்தப் புயலை, வெள்ளத்தை, பஞ்சத்தை வைத்து வயது சொல்கிறார்கள்?

2. கடையில் அரிசி இருந்தும் மக்கள் பட்டினி கிடப்பது எப்படி?

3. உங்கள் பாட்டி எத்தனை பிள்ளை பெற்றார்? எத்தனை பேர் தங்கினார்கள்? உங்கள் வீட்டில் இப்போது எத்தனை பிள்ளைகள்?

4. உங்கள் ஊர் அங்கன்வாடியில் ஆண் பிள்ளைகள் எத்தனை பேர், பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? எண்ணி எழுதுங்கள்.